பை முதலில் புறப்பட்டது

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் சங்கரி ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். பெற்ற மகள், சுகமா என்று கேட்கப் போகிறாள் என்று எடுத்தால், தை பிறந்ததும் நீங்களும் அம்மாவும் ஐதராபாத் போய் மூன்று நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று உத்தரவு. அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் நிறையப் பிள்ளைகளை விசிலால் ஆட்டிவைத்தவன் நான். ஊர் பூராவும் இன்றைக்கும் பி.டி. சார் என்றுதான் கூப்பிடுகிறது. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்ததும் ஆளாளுக்கு எனக்கு விசில் அடிக்கிறார்கள்.

ஐதராபாத் என்ற பேச்சு இந்த வீட்டுக்குள் வந்ததே என்னால்தான். சங்கரி நாலாம் வகுப்பு படிக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அங்கே கூட்டிக்கொண்டு போனோம். சாலார்ஜங் மியூசியத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருக்கிறது. மணி ஆகப்போகிற நேரத்தில் அதில் ஒரு சின்னக் கதவு திறந்து, பொம்மைத் தாடிக்காரன் ஒருத்தன் வெளியே வருவான். எத்தனை மணியோ அத்தனை அடி அடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவான். அதைப் பார்க்கக் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பின அன்றைக்கு, சட்டைகூட மாற்றாமல், தோசைக் கரண்டியை எடுத்துப் பித்தளைத் தாம்பாளத்தில் பன்னிரண்டு அடி அடித்து, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். உலகம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்த வேகத்தில், அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்று என் பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது சங்கரியின் மகன் நாலாம் வகுப்பு.

போக எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கொஞ்ச காலமாக வெளியூர் என்றாலே ஒரு யோசனை. வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதான். வேறொன்றுமில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

உலகுவின் சித்தப்பா பேத்திக்குத் தென்காசியில் கல்யாணம். கிளம்பும்போதே ஆரம்பித்தாள், அந்த வெள்ளைப் பேன்ட்டைப் போட்டால் என்ன, ஊருக்கெல்லாம் உங்களை அதில்தானே தெரியும் என்று. வெள்ளை சீக்கிரம் அழுக்காகிறது என்று சொல்லிக் கறுப்புப் பேன்ட்டையே போட்டுக்கொண்டேன்.

பஸ்ஸில் பாதி வழியிலேயே வேர்க்கத் தொடங்கிவிட்டது. டிரைவர் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏற்றி இறக்குகிறான், எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. தென்காசியில் நின்றதும் முதல் ஆளாய்க் குதித்து பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் ஓடினேன். உலகு பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். கவனித்திருக்க மாட்டாள்.

மண்டபத்தில் கடைசி வரிசை, ஓர நாற்காலி. இப்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் தோது. பந்தியில் பாயசம் வேண்டாம், ரசம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று தள்ளியதில், பரிமாறின பையன் நான் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜனவரி 21 செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

டிசம்பர் 8, ஞாயிறு

சரி, போவதென்றால் ஒழுங்காகப் போக வேண்டும் என்று உட்கார்ந்து திட்டம் போட்டேன். விளையாட்டு விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் போட்ட கை. வியாழன் காலையில் போய்ச் சேருகிறோம், குளித்துச் சாப்பிட்டுச் சாயங்காலம் சார்மினார். வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு, அதனால் அன்றைக்குக் கோல்கொண்டா கோட்டை. சனிக்கிழமை மியூசியம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடிகாரத்தின் முன்னால் இருக்க வேண்டும், அப்போதுதான் தாடிக்காரன் நிறைய அடிப்பான். உலகு பக்கத்தில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் சங்கரி போன். சனிக்கிழமைக்குச் சுற்றுலா பஸ் பதிவு பண்ணிவிட்டாளாம். காலையில் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் ஊரையே சுற்றிக் காட்டுவானாம். அதுவும் ஏசி பஸ்ஸாம். நான் கத்திவிட்டேன். நாள் முழுக்க பஸ்ஸிலா, அவன் நிறுத்தின இடத்தில்தான் இறங்கணுமா, நான் என்ன ஸ்கூல் பிள்ளையா, ஏசி எனக்கு ஒத்துக்கொள்ளாது, இப்படிக் கிளம்புவதற்குப் போகாமலே இருக்கலாம் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன்.

உலகு சத்தம் போடவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஊட்டிக்கு முட்டு வலின்னிய. கோயம்புத்தூர் கல்யாணத்துக்கு என்னை மட்டும் அனுப்புனிய. மைசூருக்கு மழைன்னிய, ஒரு சொட்டுப் பெய்யல. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா இனி நான் எங்கயும் கூப்பிட மாட்டேன். நானும் கேக்காண்டாம், நீங்களும் பொய் சொல்லாண்டாம்."

சொல்லிவிட்டு மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். இப்படிச் சொன்னால் நான் என்ன செய்ய.

டிசம்பர் 20, வெள்ளி

திருநெல்வேலி போயிருந்தேன். பென்ஷன் விஷயம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பென்ஷனுக்கு ஒரு குறையும் இல்லை.

என்னைத் தெரியாத மருந்துக்கடையாகப் பார்த்து ஒரு சாமான் வாங்கினேன். பெரியவர்கள் உள்ளே கட்டிக்கொள்வது. கடைக்காரன் யாருக்கு என்று கேட்டான். அப்பாவுக்கு என்றேன். என்ன சைஸ் என்றான். என்னை மாதிரிதான் இருப்பார் என்றேன். அப்பா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது, இந்தப் பொய்க்கு அவர் மன்னிக்க வேண்டும்.

ஐதராபாத்துக்கென்று எடுத்துவைத்த பையின் அடியில், துண்டுக்குக் கீழே வைத்து மூடிவிட்டேன். இருக்கட்டும், ஒரு தைரியத்துக்கு.

ஜனவரி 2, வியாழன்

நேற்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் போய்ச் சொல்ல.

புது வருஷம் என்று நடைபயிற்சிக்காரர்கள் எல்லாரும் பாபநாசத்துக்கு வேன் பிடித்தார்கள். மாட்டேன் என்றால் பி.டி. சாருக்கு வயசாகிவிட்டது என்பார்கள், அதனால் ஏறினேன். திரும்பி வருகிற வழியில் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. வேனில் முன்னால் ஆள், பின்னால் ஆள், நடுவில் நான். கேட் திறக்கவே இல்லை. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

கறுப்புப் பேன்ட் காப்பாற்றியது. நம் தெரு முனையில் இறங்கி, குழாயடியில் இடுப்புக்குக் கீழே தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஆற்றில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் போனேன். உலகு துண்டு கொடுத்தாள். பேன்ட்டை வாங்கி வாளியில் போட்டாள். ஆற்றில் விழுந்தவனுக்குச் சட்டைப் பை எப்படி நனையாமல் இருக்கிறது என்று கேட்கவில்லை.

நூறு பிள்ளைகளை வெயிலில் அசையாமல் நிறுத்திவைத்தவன். என் உடம்பு என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. வெட்கமாக இருக்கிறது. டாக்டரிடம் போய் இதை எப்படி வாயைத் திறந்து சொல்வது? ஐதராபாத் போகப்போவதில்லை. காரணம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி 12, ஞாயிறு

காரணம் கிடைத்துவிட்டது. முருகன் அருள். காலண்டரைக் கிழிக்கும்போது கண்ணில் பட்டது. செவ்வாய்க்கிழமை வடக்கே சூலம். ஐதராபாத் வடக்கே. சூலத்துக்கு எதிரே பிரயாணம் கிளம்பலாமா?

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். வயசான காலத்தில் வெளியூர் போகிறோம், நல்லது கெட்டது பார்க்க வேண்டாமா, நமக்கே தெரிந்து சூலத்தில் கால் வைப்பானேன் என்று. குரலில் கொஞ்சம் வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன். நன்றாக வந்தது.

உலகு டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை. அதுக்கென்ன, பரஸ்தானம் வச்சிட்டாப் போச்சு என்றாள்.

நான் மறந்தே போனேன். புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் நல்ல நாள் ஒன்றில் பிரயாணப் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பியாயிற்று என்றால் நாமும் கிளம்பியாயிற்று என்று கணக்கு. அப்புறம் சூலம் ஒன்றும் செய்யாது. ஆனால் வைத்த பையைப் பிரயாணம் போகாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரக் கூடாது. அது பெரிய அபசகுனம்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மேட்சுக்குப் போகும்போது வண்டி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பேனே தவிர, மற்றபடி கிடையாது.

ஜனவரி 16, வியாழன்

முடிவெட்டிக்கொண்டு வருவதற்குள் பை போய்விட்டது.

கட்டிலுக்கு அடியில் பார்க்கிறேன், இல்லை. நல்ல நேரம் என்று பக்கத்து வீட்டு ஞானதுரை அண்ணாச்சியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டாளாம். அதன் அடியில் அல்லவா இருக்கிறது அந்தப் பொட்டலம்.

எதிர்வீட்டில் அவளுடைய பெரியப்பா மகன் இருக்கிறான். சொந்தக்காரன், விபூதி பூசுகிறவன், பரஸ்தானம் என்றால் என்னவென்று தெரிந்தவன். அவனை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற தபாலாபீஸ்காரர் வீட்டில் கொண்டுபோய் எதற்கு வைத்தாள் என்று கேட்டேன். அங்கேதான் தூசி இருக்காது என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் முதல் வேலையாகப் பையைப் பார்க்கப் போனேன். அண்ணாச்சி வீட்டில் அதை டிவிக்குப் பக்கத்தில் தனி நாற்காலியில் உட்கார்த்தி, மேலே ஒரு பூத்துணியும் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. அண்ணாச்சிக்கு ஆயிரம் சந்தேகம். நகர்த்தலாமா, துடைக்கலாமா, ராத்திரி விளக்குப் போட்டுவைக்கணுமா. அவர் மனைவி மேபல் அக்கா, எங்க கையில குடுத்த பொருள் பத்திரமா இருக்கும், கவலைப்படாதீங்க என்றார்கள். அவர்கள் அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை.

பல்லுக்குச்சி எடுக்க வேண்டும் என்று சொல்லி ஜிப்பைத் திறந்தேன். கையை உள்ளே விட்டுத் துழாவினால் பிளாஸ்டிக் உறை தட்டுப்படவில்லை. பழைய சுங்குடிச் சேலைத் துணியில் சுற்றி, நல்ல முடிச்சாகப் போட்டு, உள்ளே வசமாகத் திணித்து வைத்திருக்கிறது. சேலை உலகுவுடையது. அதற்கு மேலே என் வெள்ளைப் பேன்ட்டை மடித்து வைத்திருக்கிறாள்.

வேர்த்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் அவசரத்தில் எதையும் பார்த்திருக்க மாட்டாள். கையில் கிடைத்ததைச் சுற்றி வைத்திருப்பாள். பொம்பளைகளுக்கு எதையாவது சுற்றி முடிச்சுப் போட்டால்தான் திருப்தி.

டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்றும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டு பாத்ரூமுக்கு இரண்டு தடவை போக வேண்டியதாகிவிட்டது.

ஜனவரி 18, சனி

இன்றைக்கும் பையைப் பார்க்கப் போனேன். மேபல் அக்கா கடைக்குப் போயிருந்தார்கள். பொட்டலத்தை எடுத்துவிட இதுதான் சமயம் என்று நினைத்தால், அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"சார், நான் ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. எனக்கும் இதே கதைதான். சர்ச்சுல பிரசங்கத்துக்கு நடுவுல எந்திரிச்சு எந்திரிச்சுப் போவேன். போதகருக்கு என் மேல வருத்தம், என் பேச்சு பிடிக்கலையான்னு வீட்டுக்கே வந்து கேட்டுட்டாரு."

நான் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, பாவப்படவும் இல்லை. தபால் பட்டுவாடா மாதிரி விஷயத்தைக் கையில் கொடுத்தார். புராஸ்டேட் வீக்கம், ஆம்பளைகளில் பாதிப் பேருக்கு வருவது, திருநெல்வேலியில் ஒரு டாக்டர் இருக்கிறார், ராத்திரி ஒரு மாத்திரை, போன கிறிஸ்மஸ் ஆராதனையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன், போதகர் கையைப் பிடித்துக்கொண்டார் என்றார்.

இத்தனை வருஷம் பக்கத்து வீடு. கிரிக்கெட் பேசியிருக்கிறோம், கரண்ட் பில் பேசியிருக்கிறோம். இவருக்கும் இது இருந்தது என்று எனக்குத் தெரியாது. தனியாக ஒரு இருட்டறையில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பார்த்தால் பக்கத்திலேயே ஒருத்தர் நின்றிருக்கிறார். பொட்டலத்தை எடுக்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

பேங்குக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உலகு வாசல் வரை வந்து, போன வருஷம் எடுத்த என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தாள். எதுக்கும் இருக்கட்டும் என்றாள். பேங்குக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அண்ணாச்சி சொன்ன டாக்டர் சின்ன வயசுக்காரர். எத்தனை நாளாக என்றார். மூன்று வருஷம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வீக்கம்தான், மாத்திரையில் அடங்கும், நன்றாகக் குணம் தெரியச் சில வாரம் ஆகும், ஆனால் இரண்டு மூன்று நாளிலேயே கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம் என்றார். வெளியூர் போகலாமா என்று கேட்டேன். தாராளமாகப் போங்கள், தண்ணீர் குடிக்காமல் மட்டும் இருக்காதீர்கள் என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுவிட்டேன். சும்மா, ஒரு நிமிஷம்தான்.

வீட்டுக்கு வந்தால் சங்கரி போனில் புலம்புகிறாள். சுற்றுலா பஸ் வேண்டாம், தனக்கு பஸ்ஸில் தலை சுற்றும் என்று அம்மா ரத்து பண்ணச் சொல்லிவிட்டாளாம். ரயில் டிக்கெட் போடும்போதே கதவுப் பக்கத்துக் கீழ் பெர்த்தாகக் கேட்டு வாங்கச் சொன்னாளாம், தனக்கு அடிக்கடி எந்திரிக்கணும் என்று. உலகுவுக்கு எப்போது தலை சுற்றியது? கன்னியாகுமரி வரைக்கும் ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு வருகிறவள். படுத்தால் விடிந்துதான் எழுந்திருப்பாள்.

என்னமோ, அவளுக்கும் வயசாகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

கிளம்பிவிட்டோம். இதை ரயிலில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கிறது.

அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, திரும்பி நம் வீட்டைப் பார்க்காமல் ஆட்டோவில் ஏற வேண்டும் என்று உலகு கட்டளை. பையை எடுக்கும்போது மேபல் அக்கா அதன் மேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார்கள். பரஸ்தானம் வைத்த பைக்கு ஜெபமும் கிடைத்தாயிற்று. சூலம் இனி யார் மேல் பாயும்?

அண்ணாச்சி என்னிடம் கை கொடுத்து, பயப்படாம போய்ட்டு வாங்க சார் என்றார். பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கை கொடுத்த விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 23, வியாழன்

ஐதராபாத். நான் அன்றைக்குப் பார்த்த ஊர் இல்லை இது. தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது.

சாயங்காலம் சார்மினார் போனோம். வளையல் கடைகளுக்குள் உலகு நுழைந்தால் வெளியே வருவதாக இல்லை. பாஷை தெரியாமலே பேரம் பேசி, கடைக்காரனைச் சிரிக்க வைத்து, கைநிறையப் போட்டுக்கொண்டாள். நான் வெளியில் ஈரானி டீ வாங்கிக் குடித்தேன். வெளியூரில் ஒரு டீ குடித்து எத்தனை நாளாயிற்று. அரைக் கப்தான் குடித்தேன், ஆனால் குடித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

கோல்கொண்டா. உலகு மேலே வரை ஏறினாள். நானும் ஏறினேன். ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தேன். மாத்திரை கேட்கிறது.

ஜனவரி 25, சனி

காலையில் குளித்துவிட்டு வந்தால் கறுப்புப் பேன்ட் இரண்டையும் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறாள். பையில் வெள்ளை மட்டும்தான். என்ன இப்படிப் பண்ணிவிட்டாய் என்றேன். புழுதியா இருந்துச்சு என்றாள். சரி என்று போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன், பழைய பி.டி. சார். அந்தத் திமிரில் சுங்குடிப் பொட்டலத்தை அறையிலேயே விட்டுவிட்டேன். ஆட்டோவுக்கு முன்னால் ஒரு முழு டீயும் குடித்தேன்.

மியூசியத்தில் கடிகாரத்தின் முன்னால் சீக்கிரமே போய் உட்கார்ந்தோம். முன் வரிசை, நட்ட நடு. ஓரம்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலகு புதுச் சேலை கட்டியிருந்தாள், கை நிறைய வளையல். கூட்டம் வந்துகொண்டே இருந்தது, பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் சுவர் வரைக்கும் நின்றார்கள். காவலாளி விசில் அடித்து, எல்லாரும் உட்காருங்கள், யாரும் எழக் கூடாது என்று கையைக் காட்டினார்.

அப்போது வந்தது.

முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம்தான், தாடிக்காரன் வந்துவிடுவான், அடித்துவிடுவான், அப்புறம் போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்டது. அதை நான் எழுந்து கெடுக்கப் போவதில்லை. நெற்றியில் வேர்வை வழிகிறது. வெள்ளைப் பேன்ட். பின்னால் இவ்வளவு ஜனம். ரயில்வே கேட் ஞாபகம் வந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

உலகு சடாரென்று எழுந்து நின்றாள்.

"எனக்கு வயித்தக் கலக்குது. என்னை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க, தனியாப் போக வழி தெரியாது."

அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தமிழில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பாஷை புரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பெண்கள் சிரித்தார்கள். காவலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு வழி விலக்கினார். ஒரு அம்மாள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு, போங்க போங்க என்று கையைக் காட்டினார். உலகு தலையைக் குனியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் நடந்தாள். பார்க்கிறவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே நிற்கும்போது தூரத்தில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள்.

வெளியே வந்தால், ஆண்கள் பக்கத்து வாசலில் என் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பெண்கள் பக்கம் அவள் போகவே இல்லை. என்னை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாமே என்றேன். ஒரு மணிக்கும் வருவான்லா, அவன் எங்க போயிறப் போறான் என்றாள்.

மறுபடி போய் உட்கார்ந்தோம். கூட்டம் கலைந்து, நாற்காலி நிறையக் காலியாக இருந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குத்தான் உலகு. உனக்கில்ல."

"உங்க துணியத் தோய்க்கது யாருன்னு நெனச்சிய?" என்றாள். அப்புறம், "மூணு வருஷமா நீங்களா சொல்லுவியன்னு பாத்தேன். நான் கேட்டா பி.டி. சாருக்கு மனசு தாங்காது. அதான் பையக் கொண்டுபோய் அண்ணாச்சி வீட்ல வச்சேன். அவுகளுக்குக் கொணமானது மேபல் அக்கா சொல்லித் தெரியும்" என்றாள்.

ஊட்டிக்கும் மைசூருக்கும் முட்டு வலியும் மழையும் சொன்னபோதெல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். நான் அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். என் மானத்தை அவள் சுங்குடியில் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். இவ்வளவு பிரியம் வைத்திருப்பவளிடம் எதற்கு இத்தனை நாள் ஒளித்தேன் என்று இருந்தது.

பன்னிரண்டு அடியைப் பார்க்க முடியாமல் பண்ணிவிட்டேனே என்றேன்.

"பன்னெண்டையும் நீங்கதான் அன்னைக்கே தாம்பாளத்துல அடிச்சுக் காட்டிட்டியளே. எனக்கு ஒண்ணு போதும்."

ஒரு மணி ஆகப்போகும்போது சின்னக் கதவு திறந்தது. தாடிக்காரன் வந்தான். என் ஞாபகத்தில் இருந்ததைவிடச் சின்னவனாக இருந்தான். ஒரே ஒரு அடி அடித்துவிட்டு, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பின்னால் ஒருத்தர், இவ்வளவுதானா என்பது மாதிரி ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார்.

உலகு சிரித்தாள். அச்சு அசல் நீங்கதான் என்றாள். சிரித்துச் சிரித்து, வளையல் குலுங்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவள் கையிலிருந்து பாட்டிலை வாங்கி வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். இரண்டு மணிக்கும் பார்ப்போமா என்று கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு ஓரமாக, வாசல் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தேன்.